கவ்வாத்துச் சாமி முன்னால் வைத்த கத்தி

இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சாமிகளில் பெரும்பாலானவை வேலைத்தலங்களில்தான் குடியிருந்தன. நாங்கள் குடியிருந்த லயத்துக்கு மேலே மாரியம்மன் கோயில் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை கரகம் பாலித்து, காவடி எடுத்து, தேர் இழுத்துக் கும்பிட்டோம். மற்ற நாட்களில் எங்கள் ஆட்கள் கையெடுத்த சாமிகள் மலைக்குள்ளே இருந்தன. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் ரோதை சுற்றும் இடத்துக்கு ரோதை முனி. கொழுந்து மலை ஓரத்தில் மஞ்சள் பூசிய ஒரு கல், அதுதான் கொழுந்துச் சாமி. ஆற்றங்கரையில் மாடசாமி. பெரிய பாறைக்கு அடியில் முனியாண்டி. கவ்வாத்து வெட்டத் தொடங்கும் மலையில், அந்தத் தொடக்க நாளுக்காகவே எழுந்தருளும் கவ்வாத்துச் சாமி.

தமிழ்நாட்டு நண்பர்களிடம் இந்தப் பெயர்களைச் சொன்னால், இவை எந்தப் புராணத்தில் வருகின்றன என்று கேட்பார்கள். எந்தப் புராணத்திலும் வரவில்லை. ரோலருக்குள் கை போய்விடக் கூடாது, குளவி கலையக் கூடாது, கத்தி சறுக்கக் கூடாது, கூடை நிறைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் உண்டாக்கிய சாமிகள் இவை. வேண்டியதோடு அவர்கள் நிற்கவில்லை, கும்பிட்ட கையோடு வேலையில் இறங்கினார்கள். பக்திக்கும் உழைப்புக்கும் இடையே ஒரு நிமிட இடைவெளிகூட இல்லாத வழிபாடு அது. நான் வளர்ந்தது அந்த வழிபாட்டில். வயது ஏற ஏற அதன் அருமை எனக்குக் கூடிக்கொண்டே வருகிறது.

எங்கள் பக்கம் விளையும் திம்புள்ளத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் தனிப் பெயர் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1,100 மீற்றருக்கு மேலே உள்ள மலைகள். ஜனவரி முதல் மார்ச் வரை குளிரும் வறண்ட காற்றும் சேர்ந்து வீசும்போது கொழுந்து குறையும், மணம் கூடும். 1869இல் கண்ட இலைத் துரு நோய் கோப்பியை அழித்த பின், இந்த மலைகளில் தேயிலை ஏறியது. அந்தக் காலத்தில் விதை போட்டு வளர்த்த செடிகளில் பல இன்னும் கொழுந்து தருகின்றன. எங்கள் பக்கம் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து நடக்கும். அப்படியானால் நூறு வயதைத் தாண்டிய ஒரு செடி இருபது தடவைக்கு மேல் கத்தியைக் கண்டிருக்கும். என் பூட்டன் வெட்டிய செடியைத் தாத்தா வெட்டினார், தாத்தா வெட்டியதை அப்பா வெட்டினார். பிறகு வந்த, விதைக்குப் பதில் கிளைத் துண்டை நட்டு வளர்க்கும் வீபி தேயிலை அந்தப் பழைய மலைகளில் கொஞ்சத்தை மாற்றிவிட்டது. மிச்சம் இருப்பவை இன்றும் நிற்கின்றன.

கவ்வாத்து என்பது சின்ன வேலை இல்லை. இடுப்பளவு வளர்ந்து மூடிக் கிடக்கும் செடியை முழங்காலுக்குச் சற்று மேலே ஒரே மட்டத்தில் வெட்டிச் சாய்ப்பது. வெட்டிய மலையைப் பார்த்தால் வயிறு கலங்கும். பச்சை இருந்த இடத்தில் சாம்பல் நிறக் குச்சிகள் நிற்கும். அடுத்த சில மாதங்களுக்கு அந்த மலையில் கொழுந்து கிடையாது. கடும் வெயிலில் வெட்டினால் தண்டு கருகிப் போகும், அதனால் மழையைக் கணக்குப் பார்த்துத்தான் தொடங்குவார்கள். வெட்டு சாய்வாக இருக்க வேண்டும். கிளை பிளந்தால் அந்தப் பிளவில் தண்ணீர் இறங்கும், அங்கிருந்து அழுகல் தொடங்கும். வெட்டிய கிளைகளைச் செடியின் மேலேயே பரப்பி வெயிலுக்கு மறைப்புக் கட்டுவதும் உண்டு. இத்தனையும் ஒரு வளைந்த கத்தியால், சறுக்கும் சரிவில், காலில் அட்டை ஏறிக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டும்.

தொடங்கும் நாளுக்குச் சில நாள் முன்பே அப்பா சுத்தமாகிவிடுவார். சாராயம் கிடையாது, கவிச்சி கிடையாது, இஸ்தோப்பில் தனியாகப் படுப்பார். முதல் நாள் சாயந்தரம் தீட்டுக்கல்லைக் கழுவி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துக் கத்தியைத் தீட்டுவார். தீட்டி முடித்ததும் தன் முன்னங்கை ரோமத்தில் வைத்துப் பார்ப்பார். அந்தக் கத்தியை யாரும் தாண்டக் கூடாது. தங்கச்சி ஒருமுறை தெரியாமல் தாண்டிவிட்டாள். அப்பா அவளைத் திட்டவில்லை. கத்தியைக் கழுவி, விளக்குக்கு முன்னால் வைத்து, திரும்பவும் முதலிலிருந்து தீட்டினார்.

காலையில் மலையின் மேட்டில் ஒரு கல்லை நட்டு, மஞ்சளும் சந்தனமும் பூசியிருப்பார்கள். தாத்தாதான் பூசாரி. வாழை இலை விரித்து, வந்தவர்கள் எல்லாரும் தங்கள் கத்திகளை வரிசையாகக் கிடத்துவார்கள். தேங்காய், வெற்றிலை பாக்கு, கற்பூரம், ஒரு சேவல். கணக்கப்பிள்ளை ஐயாவும் கங்காணிமாரும் ஒரு பக்கம் நிற்பார்கள். பெரிய துரையும் வருவார், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். தாத்தா கற்பூரத் தட்டைக் கத்திகளுக்கு மேலே காட்டிக்கொண்டு போவார். ஒவ்வொரு கத்தியிலும் சுடரின் வெளிச்சம் ஒரு கணம் ஏறி இறங்கும். பிறகு ஒவ்வொருவராக வந்து தன் கத்தியைத் தொட்டுக் கும்பிட்டு எடுப்பார்கள். முதல் செடியைத் தாத்தா வெட்டுவார். பூசை முடிந்து பொங்கல் ஆறுவதற்குள் நிரை பிடித்து எல்லாரும் இறங்கியிருப்பார்கள்.

அப்பா கத்தியை எடுக்கும்போது என்ன வேண்டிக்கொள்வார் என்று நான் கேட்டிருக்கிறேன்.

“என்னத்த வேண்டுறது? கை கால் நல்லா இருக்கணும்னு ஒண்ணு. ஒழுங்கா வெட்டுவேன்னு ஒண்ணு.”

“ரெண்டாவது நேர்ச்சையா அப்பா?”

“நேர்ச்சைதான். சாமிகிட்ட வாங்குறதுக்கு மட்டுமா போறோம்? குடுக்குறதுக்கும்தான போறோம்.”

அப்பா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் இறைவனுக்குக் கீழ்ப்படிவது என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது அவர் சொன்ன அந்த ஒரு பதில்தான். சாமி காப்பாற்ற வேண்டும், வெட்டு ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக் கத்தியை எடுத்தார். முதலாவது சாமியின் பொறுப்பு, இரண்டாவது அவருடைய பொறுப்பு. தன் பொறுப்பைச் சாமியின் தலையில் அவர் ஒருநாளும் தூக்கிப் போட்டதில்லை.

அந்தப் பொறுப்பு சோதனைக்கு வந்த ஒரு பருவம் நினைவில் இருக்கிறது. அந்த வருடம் கவ்வாத்துக் கணக்கைக் கூட்டினார்கள். ஒரு பேர், அதாவது ஒரு நாள் முழுக் கூலி, விழ வேண்டுமானால் முன்பு வெட்டியதைவிடக் கூடுதலான செடிகளை வெட்ட வேண்டும் என்று காலையில் ஆட்களைக் கூட்டும் பிரட்டில் சொல்லப்பட்டது. வெட்டாவிட்டால் அரைப்பேர். வீட்டில் அரிசிக்குக் கணக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். ஆட்கள் வேகம் பிடித்தார்கள். வேகம் கூடினால் கத்தி இறங்கும் கோணம் மாறும், கிளை பிளக்கும். பிளந்ததைச் சீவிச் சரிசெய்ய நேரம் இருக்காது. அப்பா பழைய வேகத்திலேயே வெட்டினார். மாலையில் அரைப்பேரோடு வந்தார். அடுத்த நாளும் அப்படித்தான்.

அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். “எல்லாரும் வெட்டுற மாதிரி வெட்டுனா என்ன? அரைப்பேர வச்சுக்கிட்டு இந்தப் புள்ளைகளுக்கு நான் என்னத்த ஆக்கிப் போடுறது? சாமியா வந்து அரிசி வாங்கித் தரும்?”

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சாமி முன்னால வச்சு எடுத்த கத்தி. ஒழுங்கா வெட்டுவேன்னு சொல்லிட்டு எடுத்தேன். பிளந்து வெட்டுனா நான் சொன்னது பொய்யாயிரும்” என்றார். தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, “இன்னும் ஒண்ணு. அந்தச் செடியில நாலு வருசத்துக்குக் கொழுந்து எடுக்கப் போறது நீதான” என்றார்.

அம்மா அதற்கு மேல் பேசவில்லை. அப்பா சொன்னது உண்மை. ஆண் வெட்டிவிட்டுப் போன செடியில் அடுத்த கவ்வாத்து வரை பறிப்பவள் பெண். அழுகல் பிடித்த செடியில் கிளை குறையும், கொழுந்து குறையும், அவள் கூடையில் நிறை குறையும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவள் பேர் பாதியாகும். அப்பாவின் கண்ணுக்குச் சாமிக்குக் கொடுத்த வாக்கும் அம்மாவின் கூடையும் ஒரே கிளையில் இருந்தன.

ஆனால் அரைப்பேரை அவர் விதி என்று வாங்கிக்கொண்டு உட்காரவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அப்பாவை நான் பாதியாகத்தான் சொன்னவன் ஆவேன். சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் போனார். கவ்வாத்துக்காரர்கள் எல்லாரையும் கூட்டினார். முனியாண்டிக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு, மறுநாள் மலைக்குப் போகாமல் மடுவத்தில் உட்கார்ந்தார்கள். பிளந்த கிளைகளை ஒரு படங்கில் கட்டிக் கொண்டுவந்து வெளியே கொட்டினார்கள். “கணக்கக் கூட்டுனா செடி இப்பிடித்தாங்க ஆகும் ஐயா” என்று துரைக்கு முன்னால் அப்பாதான் பேசினார். கூலி கேட்டுப் பேசியதைவிடச் செடிக்காகப் பேசியதுதான் எடுபட்டது என்று நினைக்கிறேன். கணக்குப் பழையபடி திரும்பியது.

கீழ்ப்படிதல் என்பது எங்கள் மக்களிடம் நூற்றாண்டுக் கணக்காக வலியுறுத்தப்பட்ட குணம். துரைக்கு, கங்காணிக்கு, கணக்கப்பிள்ளைக்கு, சங்கத்துக்கு என்று எல்லாருக்கும் பணிந்து போ என்று கற்றுக்கொடுக்கப்பட்ட சனம். அதனால் கடவுளுக்குக் கீழ்ப்படிதல் என்று யாராவது பேசத் தொடங்கினால் படித்த மலையக இளைஞர்கள் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. நான் பார்த்ததோ வேறு. சாமிக்கு உண்மையாகக் கீழ்ப்படிந்த மனிதர் துரைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார். அவருக்கு மேலே இன்னும் ஒரு கணக்கு இருந்ததால் கீழே உள்ள கணக்குக்கு அவர் அஞ்சவில்லை.

பின்னாளில் நான் அறிவியல் ஆசிரியனானேன். மாப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க அயடீன் கரைசலை இட்டு, கருநீலமாக மாறுவதைக் காட்டும் பரிசோதனை பாடத்தில் வரும். அதே பரிசோதனையைத் தேயிலை வேரிலும் செய்கிறார்கள் என்று தெரிந்தபோது மனம் துள்ளியது. 1925இல் தொடங்கப்பட்டு, பிறகு தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் எங்களுக்குப் பக்கம்தான். கவ்வாத்துக்கு முன் வேரை வெட்டி அயடீன் இட்டுப் பார்ப்பார்கள். வேரில் மாப்பொருள் போதுமான அளவு இருந்தால்தான் இலை முழுவதையும் இழந்த செடி திரும்பத் தளிர்க்கும். குறைவாக இருந்தால் சில வாரம் கொழுந்து எடுக்காமல் ஓய்வு விட வேண்டும். இதை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. பசியோடு இருக்கிற செடியை வெட்டினால் செத்துப்போகும், அது தாத்தாவுக்கே தெரியும் என்றார். அதற்காக ஆராய்ச்சியை அவர் இகழவும் இல்லை. அயடீன் புட்டியைக் காட்டச் சொல்லி, ஒரு வேர்த் துண்டை என்னை வைத்துச் சோதித்துப் பார்த்தார். கருநீலம் ஏறியதைக் கண்டு, “சரியாத்தான்டா சொல்றாங்க” என்றார்.

தாத்தா காலத்துக் கதை ஒன்றும் இதே பக்கம்தான் நிற்கிறது. கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்தது 1946இல். இளம் இலையில் வெளிறிய வட்டங்கள் விழுந்து, அடிப்பக்கம் கொப்புளமாகப் புடைக்கும். தாத்தா பார்த்தவுடன், இலைக்கு அம்மை போட்டிருக்கிறது என்றாராம். அம்மை என்றால் மாரியம்மன்தான். மஞ்சளும் வேப்பிலையும் கரைத்து எடுத்துக்கொண்டு போய் மலை முகப்பில் தெளித்தார்கள், கூழ் ஊற்றினார்கள். மழைக் காலம் முழுக்க நோய் நிற்கவில்லை. பிறகு செம்பு மருந்து தெளிக்கும் முறை வந்தபோது, மருந்து டாங்கியை முதுகில் தூக்க முன்வந்தவர்களில் தாத்தாவும் ஒருவர். அம்மனுக்குச் செய்ததைச் செய்தாயிற்று, இனி அம்மன் கொடுத்த மருந்தை அடிக்க வேண்டாமா என்று கேட்டாராம். மருந்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது என்று கணக்கப்பிள்ளை திருத்தியதற்கு, “அதுவும் அவ குடுத்ததுதானுங்க ஐயா” என்றாராம். இதை மூடநம்பிக்கை என்று சொல்கிறவர்கள் உண்டு. மருந்து வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தால் நானும் அப்படித்தான் சொல்வேன். அவர் ஒதுங்கவில்லை, கொட்டும் மழையில் டாங்கியைச் சுமந்தார்.

அம்மாவின் வழிபாடு இன்னும் சுருக்கம். நிரையில் நின்று முதல் பிடி கொழுந்தைக் கிள்ளி, கண்ணில் ஒற்றி, “பொலி, பொலி” என்று சொல்லிக் கூடைக்குள் போடுவார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மடுவத்துச் சங்கு ஊதும் வரை கை நிற்காது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். நிறை கூட்டுவதற்காக முற்றிய இலையை அள்ளிப் போடும் ஆசை எந்தக் கைக்கும் வரும். அம்மா மட்டக்கம்பை வைத்துப் பார்த்து, அதற்கு மேலே எழுந்ததை மட்டும் கிள்ளுவார். கொழுந்துச் சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கரட்டு இலையை எப்படிப் போடுவது என்பார்.

1973, 74 ஆண்டுகளின் பஞ்சத்தைத் தோட்டத்தில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். அரிசியும் மாவும் தட்டுப்பாடு. தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு பானை இருந்தது. சோறாக்கும் நாளிலெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து அம்மனுக்கென்று அதில் போடுவார் அம்மா, திருவிழாப் பொங்கலுக்கு. பஞ்சத்திலும் அந்தப் பிடியை அவர் நிறுத்தவில்லை. பிடி சிறுத்தது, நிற்கவில்லை. அதே நாட்களில் லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவை அப்பாவும் அம்மாவும் வேலை முடிந்து வந்து நிலா வெளிச்சத்தில் கொத்தி, வற்றாளையும் உருளைக்கிழங்கும் வைத்தார்கள். பக்கத்துக் காம்பிராவில் ஒரு பிள்ளை பசியில் சுருண்டபோது, அம்மா அந்தப் பானையைத் திறந்து அளந்து கொடுத்தார். சாமி அரிசியாச்சே என்று பாட்டி தயங்கினார். “அம்மனுக்குன்னு எடுத்து வச்சதுதான் அத்தை. அவ புள்ளைக்குத்தான போகுது” என்று சொல்லிவிட்டு அம்மா அளந்துகொண்டே இருந்தார்.

அடுத்த லயத்தில் வேதக்காரக் குடும்பங்கள் இருந்தன. தோட்டத் தமிழருக்காக 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் காலத்திலிருந்து வரும் வழி. ஞாயிறு தோறும் உபதேசியார் ஒருவர் நடந்தே வருவார். ஒரு மழை நாளில் பிள்ளைக்காம்பிராவில் ஆராதனை நடந்தது. அப்பாவும் நானும் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். அன்று உபதேசியார் யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து விளக்கினார். உடுக்க இல்லாதவனிடமும் உண்ண இல்லாதவனிடமும் நல்ல வார்த்தை மட்டும் சொல்லி அனுப்புகிற நம்பிக்கையால் யாருக்கு என்ன பயன் என்பது அன்றைய பிரசங்கம். மழை விட்டும் அப்பா நகரவில்லை, முடியும் வரை கேட்டார். வரும் வழியில், “அவங்க சாமியும் வேலை செய்யச் சொல்ற சாமிதான்” என்று மட்டும் சொன்னார்.

பள்ளியில் திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தைப் படித்தபோது அப்பாவிடம் போய் வாதாடினேன். தெய்வத்தால் ஆகாமல் போனாலும் முயற்சி தன் கூலியைக் கொடுத்துவிடும் என்று வள்ளுவர் சொல்கிறாரே, அப்படியானால் தெய்வம் எதற்கு என்று கேட்டேன். அப்பா யோசித்தார். கவ்வாத்து மலையைக் காட்டி, வெட்டுவது நாம், தளிர்க்க வைப்பது யார் என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அறிவியல் கற்பித்த ஆண்டுகளில் மாப்பொருள், வேர், ஒளித்தொகுப்பு என்று நிறையப் பதில்களைச் சேர்த்தேன். எல்லாமே சரியான பதில்கள்தான். அப்பாவின் கேள்வி அவற்றோடு சேர்ந்து இன்னும் என்னிடம் இருக்கிறது. வள்ளுவரை அவர் மறுக்கவும் இல்லை. முயற்சிக்குக் கூலி உண்டு என்பதை அவரைவிட நம்பியவர் யார்?

கடவுள் பார்த்துக்கொள்வார் என்று கையைக் கட்டுவது எனக்குப் பிடிக்காது. சம்பளம் குறைவு, தலைவிதி என்று இருந்திருந்தால் ஒரு ரூபாவும் ஏறியிருக்காது. நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்த பிறகுதான் 2021இல் அது வர்த்தமானியில் வந்தது, 2024இல் 1,350 ஆனது. அதுவும் போதவில்லை என்பது கடைக்குப் போன எவருக்கும் தெரியும். அதே நேரம், எங்கள் சனம் உழைக்காததால் ஏழையாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உழைப்பில் குறை இல்லை. அந்த உழைப்பின் பலன் வேறு கைகளுக்குப் போயிருக்கிறது.

2023இல் மலையகத் தமிழரின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்தது. தம்புள்ளையிலிருந்து நானும் சேர்ந்து நடந்தேன். என் பூட்டன் இந்தியாவிலிருந்து அந்தப் பாதையில் நடந்து வந்தவர். ஊர்க் கோயில் மண்ணை ஒரு துணியில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தாராம். அந்த மண்ணைப் போட்டுத்தான் எங்கள் முனியாண்டி கல்லை நட்டதாக வீட்டில் சொல்வார்கள். காடும் காய்ச்சலும் தாண்டி, வழியில் செத்தவர்களைப் புதைத்துவிட்டு நடந்த கூட்டம் அது. மண் முடிச்சு அவருக்குத் துணையாக இருந்தது, நடையை அவர்தான் நடந்தார். தம்புள்ளை வெயிலில், தார் ரோட்டில், தண்ணீர்ப் போத்தலோடு நடந்தபோதே என் கால் கொப்பளித்தது.

நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தது கோயில் மண்டபத்தில். லயக் காம்பிராவில் ஒரு குப்பி விளக்கு, அதைச் சுற்றி ஆறு பேர். மாரியம்மன் கோயிலில் ஒரு பெற்றோமெக்ஸ் இருந்தது. பூசைக்குப் பிறகு அதை அணைக்காமல், படிக்கிற பிள்ளைகளுக்காகத் தாத்தா மண்டபத்தில் தொங்கவிட்டார். எண்ணெய்ச் செலவுக்குக் கோயில் குழுவில் சண்டை போட்டார். அவருக்கு ஒரு விதி உண்டு. மண்டபத்தைக் கூட்டிவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். பாடம் முடிந்த பிறகுதான் திருநீறு. பரீட்சை நெருங்கியபோது பயந்துபோய் முதலிலேயே திருநீறு கேட்டேன். “கணக்க முடிச்சிட்டு வா தம்பி. அம்மன் எங்கயும் போகமாட்டா” என்று சொல்லிவிட்டார். அந்த வெளிச்சத்தில் படித்த பிள்ளைகளில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், தாதியர் இருக்கிறார்கள், ஒரு பொறியியலாளர் இருக்கிறார். பாஸ் ஆகாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் அந்த மண்டபத்தைக் கூட்டியவர்கள்தான், அவர்களையும் அம்மன் கைவிட்டதாக நான் நினைக்கவில்லை.

இப்போது எங்கள் பக்கத்துக் கோயில்கள் அழகாகியிருக்கின்றன. கொழும்பில் கடைகளில் நிற்கும் பிள்ளைகளும், மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்யும் பெண்களும் அனுப்பிய காசில் கோபுரம் எழுந்திருக்கிறது, தரைக்கு மாபிள் பதிக்கப்பட்டிருக்கிறது, ஒலிபெருக்கி வந்திருக்கிறது. அந்தக் காசின் பின்னால் உள்ள பக்தியை நான் அறிவேன், வணங்குகிறேன். அதே பக்தியோடு ஒன்று கேட்கிறேன். பல மண்டபங்கள் பூசை முடிந்ததும் பூட்டப்படுகின்றன. பக்கத்து லயங்களில் புலமைப்பரிசில் பரீட்சைக்கும் சாதாரண தரத்துக்கும் படிக்கிற பிள்ளைகள் இன்றும் கட்டிலில் புத்தகத்தை வைத்துக் குனிந்து எழுதுகிறார்கள். மாலை 6 மணியிலிருந்து 8 மணி வரை மண்டபத்தைத் திறந்து விடுங்கள். நாலு மேசை, இரண்டு மின்குமிழ், மேற்பார்வைக்கு உயர்தரம் படித்த ஒரு அக்காவோ அண்ணனோ போதும். ஓய்வுபெற்ற என்னைப் போன்ற ஆசிரியர்கள் ஒவ்வொரு தோட்டத்துக்கும் பக்கத்தில் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். இந்த வருடத் திருவிழாவுக்குக் கோயில் குழு கூடி வரவு செலவை எழுதும்போது, மேளத்துக்கும் பூவுக்கும் கீழே இதற்கும் ஒரு தொகையை எழுதுங்கள்.